கடினமான கணித வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது: இப்போது எதைப் படிப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதுவரை கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிவந்த ஒரு மாணவர், மேல்நிலையில் கடினமானது என்று பெயர் வாங்கிய கணிதப் பிரிவை எடுத்திருக்கிறார். வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது. “நன்றாகப் படிக்கிற சீனியர்களே முதல் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வாங்கவில்லை என்கிறார்கள். நுண்கணிதத்தை இப்போதே வீடியோ பார்த்துப் படிக்க ஆரம்பித்துவிடட்டுமா?” என்று கேட்கிறார்.

வேண்டாம். நுண்கணிதத்தை இப்போது தொடாதீர்கள். இந்த இரண்டு மாதத்தில் பெரும்பகுதியை ஏற்கெனவே படித்த இயற்கணிதத்துக்கே கொடுங்கள். கேட்க ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் பல வருடங்களாக இந்த வகுப்பை எடுத்துவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வகுப்பில் திணறுகிறவர்களில் பெரும்பாலானோர் புதுப் பாடத்தில் திணறுவதில்லை. புதிய கருத்து அவர்களுக்குப் புரிகிறது. கணக்கைப் போட உட்காரும்போது பழைய பாடம் காலை வாரிவிடுகிறது.

ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். தெரியாத எண்ணை ‘க’ என்று குறித்துக்கொள்கிறேன். நுண்கணிதத்தின் தொடக்கமான ‘எல்லை’ பாடத்தில் முதல் வாரமே இப்படி ஒன்று வரும்:

(√(க + 4) − 2) / க

க பூஜ்ஜியத்தை நெருங்கும்போது இது எந்த எண்ணை நெருங்கும்? நேரடியாகப் பூஜ்ஜியத்தைப் போட்டால் மேலேயும் பூஜ்ஜியம், கீழேயும் பூஜ்ஜியம்; ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் தொகுதியையும் பகுதியையும் √(க + 4) + 2 என்பதால் பெருக்குகிறோம். தொகுதி (க + 4) − 4 ஆகி, வெறும் க என்று நிற்கிறது. பகுதியில் இருக்கும் க-வோடு அது அடிபட்டுப் போகிறது. மிச்சம் 1 / (√(க + 4) + 2). இப்போது பூஜ்ஜியத்தைப் போட்டால் விடை 1/4.

இதில் புதியது எது? ‘நெருங்கும்போது’ என்ற ஒரு சொல்தான். மற்றதெல்லாம் பழையது: இரு வர்க்கங்களின் வித்தியாசம், மூலக்குறியை நீக்கப் பெருக்குவது, பொதுக் காரணியை அடிப்பது. ஆசிரியர் இந்த மூன்றையும் அரை நிமிடத்தில் கரும்பலகையில் போட்டுவிட்டுப் போய்விடுவார், ஏனென்றால் அவை உங்களுக்குத் தெரியும் என்பது அவருடைய கணக்கு. “அந்த க எங்கே போச்சு?” என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் எல்லையைப் பற்றிச் சொன்ன முக்கியமான வாக்கியம் காதில் விழாமல் போகிறது.

இதற்கு உளவியலில் தெளிவான காரணம் உண்டு. ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. ஜார்ஜ் மில்லர் 1956-இல் அதை ஏழு, இரண்டு கூடக்குறைய என்று எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் அதுவே அதிகம், நான்கு அளவுதான் என்று வாதிட்டார். எப்படி வைத்துக்கொண்டாலும் இடம் சின்னது. பின்னத்தைக் கூட்டுவதற்கே அதில் பாதி போய்விட்டால், புதுக் கருத்துக்கு இடம் இருக்காது. ஆகவே இயற்கணிதம் ‘தெரியும்’ என்ற நிலை போதாது. கை தானாகப் போட வேண்டும், மனம் வேறொன்றை யோசிக்கச் சும்மா இருக்க வேண்டும்.

முதல் வேலை, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்ப்பது. கால்குலேட்டர், புத்தகம் எதுவும் இல்லாமல் கீழே இருப்பவற்றைப் போட்டுப் பாருங்கள்.

3/4-ஐ 2/5-ஆல் வகுத்து, அதிலிருந்து 1/6-ஐக் கழியுங்கள். 8-இன் அடுக்கு −2/3 என்றால் மதிப்பு என்ன? 6க² − க − 2 என்பதைக் காரணிப்படுத்துங்கள். 1/(க − 1) − 1/(க + 1) என்பதை ஒரே பின்னமாக எழுதுங்கள். (1, 2), (3, 8) என்ற புள்ளிகள் வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு என்ன? கொசைன் 150° என்ன? கடைசியாக, 2/க > 1 என்பதைத் தீருங்கள்.

விடைகள்: 41/24, 1/4, (3க − 2)(2க + 1), 2/(க² − 1), சாய்வு 3, y அச்சை −1-இல் வெட்டும் கோடு, −√3/2, பூஜ்ஜியத்துக்கும் 2-க்கும் இடைப்பட்ட எல்லா எண்களும்.

சரியா தப்பா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனது, எங்கே தயங்கினீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சரியான விடைக்கு ஐந்து நிமிடம் எடுத்த கணக்கும் பயிற்சி தேவைப்படும் கணக்குதான்.

கடைசிக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நன்றாகப் படிக்கிறவர்களே அதில் விழுகிறார்கள். 2/க > 1 என்றதும் இருபுறமும் க-வால் பெருக்கி, 2 > க, ஆகவே க 2-க்குக் குறைவு என்று எழுதிவிடுகிறார்கள். க-வுக்கு −1 போட்டுப் பாருங்கள். −1, 2-க்குக் குறைவுதான். ஆனால் 2/(−1) என்பது −2. அது 1-ஐவிடப் பெரியதா? இல்லை. அசமன்பாட்டைக் குறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். க குறை எண்ணாக இருக்கலாம் என்பதுதான் நினைவுக்கு வருவதில்லை. கீழ் வகுப்புக் கணிதத்துக்கும் இந்த வகுப்புக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இதில் இருக்கிறது. அங்கே விதியைச் சரியாகப் போட்டால் போதும். இங்கே அந்த விதி எப்போது செல்லும், எப்போது செல்லாது என்றும் ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டும்.

இன்னொரு பழக்கம், பெரும்பாலான பாடங்களுக்குள் புகுந்து கெடுப்பது: கூட்டலைப் பிரித்துப் போடலாம் என்ற நினைப்பு. (3 + 4)² என்பதை 9 + 16 என்று எழுதுவது (49 எங்கே, 25 எங்கே). √(9 + 16) என்பதை 3 + 4 என்று எழுதுவது. உண்மையில் அது 5. இதே தவறு 1/(2 + 3)-ஐ 1/2 + 1/3 என்று எழுத வைக்கிறது. மடக்கை வந்ததும், 5-இன் மடக்கை என்பது 2-இன் மடக்கையும் 3-இன் மடக்கையும் சேர்ந்தது என்று எழுத வைக்கிறது. அவற்றைக் கூட்டினால் வருவது 6-இன் மடக்கை. முக்கோணவியலில் சைன் 90° என்பதைச் சைன் 30° கூட்டல் சைன் 60° ஆக்குகிறது. சைன் 90° 1, அந்தக் கூட்டுத்தொகை ஏறக்குறைய 1.366. ஐந்து பாடங்களில் ஐந்து தவறு போலத் தெரியும், ஆனால் நோய் ஒன்றுதான். எந்தச் செயலையும் அடைப்புக்குறிக்குள் பிரித்துக் கொடுக்கும் முன் சின்ன எண்களைப் போட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தை இந்த இரண்டு மாதத்தில் உண்டாக்கிக்கொண்டால், அந்த வருடம் முழுக்கப் பலன் தரும். பத்து விநாடி வேலை அது.

பயிற்சி செய்யும் முறைக்கு வருகிறேன். புத்தகத்தில் ஒரு பயிற்சிக்குக் கீழே இருபது கணக்கும் ஒரே மாதிரி இருக்கும். மூன்றாவது கணக்குக்குப் பிறகு நீங்கள் யோசிப்பதில்லை, மேலே போட்டதைப் பார்த்து எண்களை மாற்றுகிறீர்கள். தேர்வில் ‘இது காரணிப்படுத்தும் கணக்கு’ என்று யாரும் தலைப்புப் போட்டுத் தர மாட்டார்கள். எந்த முறையைக் கையிலெடுப்பது என்பதே அங்கே பாதிக் கணக்கு.

டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களுக்குச் சில திண்ம வடிவங்களின் கனஅளவைக் கணக்கிடக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக முடித்துக்கொண்டே போனது. இன்னொரு குழு எல்லா வடிவங்களையும் கலந்து போட்டது. பயிற்சியின்போது தனித்தனியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது நிலைமை தலைகீழ்: கலந்து போட்டவர்கள் 63 சதவீதம், தனித்தனியாகப் போட்டவர்கள் 20 சதவீதம்.

இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கலந்து போடும்போது கணக்கு வராது, எரிச்சலாக இருக்கும், ‘நேற்றுப் போட்டது இன்று மறந்துவிட்டதே’ என்று தோன்றும். அந்த எரிச்சலைப் பார்த்து முறையை மாற்றிவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு தலைப்பாகச் சரிசெய்யுங்கள். அதன்பின் ஒவ்வொரு நாளும் நான்கைந்து தலைப்புகளில் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று கணக்கு எடுத்து, கலைத்துப் போடுங்கள். பழைய புத்தகங்களே போதும். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதுமானது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் போடுகிறேன் என்பது இதற்கு ஈடாகாது.

எந்தத் தலைப்புகள்? முதலில் பின்னங்கள், எண்களோடும், மாறிகளோடும். பிறகு காரணிப்படுத்துதல், இருபடிச் சமன்பாடு, வர்க்கப் பூர்த்தி முறை. கடைசியாகச் சொன்னதைப் பலர் ‘சூத்திரம்தான் இருக்கிறதே’ என்று விட்டுவிடுகிறார்கள். வட்டம், பரவளையம், தொகையீடு என்று அது திரும்பத் திரும்ப வரும். அடுக்குக்குறி விதிகள், குறை அடுக்கும் பின்ன அடுக்கும் உட்பட. நேர்க்கோடு, சாய்வு: நுண்கணிதத்தில் வரும் வகையீடு முழுவதும் சாய்வு என்ற ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது. முக்கோணவியலில் 0°, 30°, 45°, 60°, 90° மதிப்புகள் கேட்டவுடன் வர வேண்டும்; அலகு வட்டத்தை (ஆரம் 1 உள்ள வட்டம்) வரைந்து மற்ற கால்வட்டங்களில் குறி எப்படி மாறும் என்று பாருங்கள். கோணத்தை அளக்கும் இன்னோர் அலகான ரேடியனை இப்போதே பழகிக்கொண்டால் நல்லது. 180° என்பது π ரேடியன், அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

மனப்பாடம் பற்றியும் கேட்பார்கள். ‘கணிதத்தில் மனப்பாடமே கூடாது’ என்பதை நான் ஏற்பதில்லை. கொஞ்சம் மனப்பாடம் வேண்டும், ஆனால் எதை என்று தெரிந்து செய்ய வேண்டும். இரு கோணங்களின் கூடுதலுக்கான சைன், கொசைன் சூத்திரங்களை மனதில் ஏற்றுங்கள். இரட்டைக் கோணச் சூத்திரத்தை ஏற்ற வேண்டாம். இரண்டு கோணமும் ஒன்றே என்று போட்டால் தானாக வந்துவிடும். சூத்திரப் பட்டியலில் பாதி இப்படி மற்றப் பாதியிலிருந்து வருவதுதான். எது எதிலிருந்து வருகிறது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து பாருங்கள். படிக்க வேண்டியது எவ்வளவு குறைவு என்று தெரியும்.

இரண்டாவது மாதத்தின் பின்பாதியில் ஒரே ஒரு புதுப் பாடத்தைத் தொடலாம்: சார்பு. மேல்நிலைக் கணிதத்தில் எங்கே திரும்பினாலும் அது இருக்கும். அதற்கும் வீடியோ பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், வரையறையை எடுத்து வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுங்கள். ‘சார்பகத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் துணைச் சார்பகத்தில் ஒரே ஒரு நிழலுரு உண்டு.’ சார்பகம் என்பது உள்ளே கொடுக்கும் உறுப்புகளின் கணம், துணைச் சார்பகம் என்பது விடைகள் இருக்கும் கணம், நிழலுரு என்பது ஓர் உறுப்புக்குக் கிடைக்கும் விடை. இந்த வாக்கியத்தில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ‘ஒவ்வோர் உறுப்புக்கும்’: எதையும் விட்டுவிடக் கூடாது. ‘ஒரே ஒரு’: ஒன்றுக்கு இரண்டு கூடாது. இரண்டு உறுப்புகளுக்கு ஒரே நிழலுரு இருக்கலாமா? வாக்கியம் தடுக்கவில்லை, ஆகவே இருக்கலாம். 2-இன் வர்க்கமும் −2-இன் வர்க்கமும் 4-தானே. வட்டத்தின் வரைபடம் சார்பாகுமா? ஆகாது, ஏனென்றால் ஒரே கிடைமட்ட இடத்தில் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. இப்படி ஒவ்வொரு சொல்லையும் பிடித்து, பொருந்தும் உதாரணம் ஒன்று, பொருந்தாத உதாரணம் ஒன்று என்று நீங்களே உண்டாக்கிப் பாருங்கள். கணித வரையறையைப் படிப்பது என்றால் இதுதான். நிரூபணம் கேட்கும் கேள்விகளில் திணறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வாசிப்பைப் பழகாதவர்கள்.

வகுப்பு தொடங்கிய பிறகு? முந்தின நாள் கால் மணி நேரம் பாடப் பக்கங்களைப் புரட்டுங்கள். புரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதுச் சொற்கள் கண்ணில் பட்டிருந்தால் போதும். வகுப்பு நடந்த அன்று மாலை, ஆசிரியர் போட்ட கணக்கு ஒன்றை எடுத்து, நோட்டை மூடி வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து திரும்பப் போடுங்கள். நோட்டைத் திறந்து வைத்துப் படித்தால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அது உரைநடைப் பகுதியை வைத்துச் செய்த சோதனை. ஆனால் கணக்கிலும் இதே வேறுபாட்டை ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் பார்க்கிறேன்.

கணக்கு வராமல் முட்டிக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வது? இருபது நிமிடம் உண்மையாக முயலுங்கள். சின்ன எண்களைப் போடுவது, படம் வரைவது, விடையிலிருந்து பின்னோக்கி வருவது, கொடுத்த தகவல்களில் எதை இன்னும் பயன்படுத்தவில்லை என்று பார்ப்பது, எல்லாவற்றையும் செய்யுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் தீர்வைப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள், மீண்டும் முயலுங்கள். அடுத்த நாள் அதே கணக்கை எதையும் பார்க்காமல் போடுங்கள். போட்டோ எடுத்தால் தீர்வைக் காட்டும் செயலிகளையும் இந்த ஒழுங்கோடு பயன்படுத்தினால் தப்பில்லை. முழுத் தீர்வையும் படித்து ‘ஓ, இவ்வளவுதானா’ என்று நகர்ந்துவிடுவதுதான் கெடுக்கும்.

ஆசிரியரிடம் போகும்போது “சார், இந்தக் கணக்கு வரவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் போட்ட தாளைக் கொண்டுபோய், “இந்த வரி வரை வந்தேன், இதிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போவது?” என்று கேளுங்கள். உங்கள் குழப்பம் எங்கே என்று அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘எல்லை’ போன்ற ஒரு கருத்து முதல் வாரத்தில் மனதில் உட்காரவில்லை என்றால் உங்களுக்குக் கணிதம் வராது என்று பொருள் இல்லை. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் தன் வகைநுண்கணிதத்தை 1684-இல் அச்சிட்டார். அதன் அடித்தளமாக எல்லையை வைத்துப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் அகஸ்டின் கோஷி ஒழுங்காக எழுதியது 1821-இல். இடையில் 137 வருடம். அந்தக் காலமெல்லாம் பெரிய கணித மேதைகள் அடித்தளம் முழுத் தெளிவில்லாமலேயே சரியான விடைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கணக்குகளைப் போட்டுக்கொண்டே இருங்கள், சில வாரங்களில் கருத்து தெளியும். ஆனால் போடாமல் காத்திருந்தால் தெளியாது.

இந்த வகுப்பை எடுக்கவே கூடாதவர் என்று யாராவது உண்டா என்றால், என் கருத்து இது: மேலே கொடுத்த கேள்விகளில் பாதிக்கு மேல் தவறாக இருந்தாலும், இரண்டு மாதம் தினமும் உட்காரத் தயார் என்றால் எடுக்கலாம். அந்த நேரத்தைக் கொடுக்க முடியாது என்றால், ஒரு படி எளிய பிரிவை எடுத்து அதை நன்றாகப் படிப்பது நல்ல முடிவு. பெற்றோருக்காகவோ நண்பர்களுக்காகவோ இதை எடுக்க வேண்டாம். தனிப் பயிற்சி வகுப்பில் சேர்வது உங்கள் விருப்பம்; ஆனால் அங்கே போய்வரும் நேரம் நீங்களே கணக்குப் போடும் நேரத்தைத் தின்றுவிட்டால், சேராமல் இருப்பதே மேல்.

முதல் தேர்வில் மதிப்பெண் குறையத்தான் செய்யும், அதற்கு இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள். விடைத்தாள் கைக்கு வந்ததும் இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். ‘கவனக்குறைவு’ என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. ‘அடைப்புக்குறிக்கு முன் இருந்த குறைக் குறியை இரண்டாவது உறுப்புக்குக் கொடுக்கவில்லை’, ‘சார்பகத்தைச் சரிபார்க்காமல் இரண்டு மூலங்களையும் எழுதினேன்’, ‘எந்த முறை என்று தெரியாமல் எட்டு நிமிடம் போனது’ என்று எழுதுங்கள். ஒரு தனி நோட்டில் இவற்றைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மூன்று தேர்வு முடிந்ததும் ஒரே தவறு எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதிகம் வந்ததற்கு மட்டும் பதினைந்து கணக்கு எடுத்துப் போடுங்கள். அடுத்த தேர்வுக்கு முந்தின நாள் புரட்ட வேண்டியது அந்த நோட்டைத்தான்.